டெக் பலகைக்கு மறைவான கிளிப்: 304 போதுமா, 316தான் வேண்டுமா?

கடற்காற்று எழுதியது:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு மர டெக் (திறந்தவெளி மரத்தளம்) போட்டுக்கொண்டிருக்கிறேன். கீழே உளுக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பைன் மரத்தில் ஜாயிஸ்ட் எனும் தாங்கு சட்டங்கள், மேலே இப்பே என்ற கெட்டி மரத்தின் பலகை, 140 மி.மீ. அகலம், 21 மி.மீ. கனம். சட்ட வேலை முடிந்துவிட்டது, பலகையும் வந்து இறங்கிவிட்டது, கிளிப் விஷயத்தில் மட்டும் இரண்டு வாரமாக முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

மேலிருந்து ஸ்க்ரூ அடிக்க எனக்கு மனமில்லை. இதற்கு முன்பிருந்த டெக்கில் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் தண்ணீர் தேங்கிக் கறுப்பு வளையம் விழுந்தது. அப்புறம் சில தலைகள் மேலே எழும்பிவிட்டன, அதில் ஒன்று என் மகளின் குதிகாலைக் கிழித்துவிட்டது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம், அதனால் இந்த முறை பலகையின் பக்கவாட்டில் காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், எடுத்து, அதற்குள் மாட்டுகிற ஸ்டெயின்லெஸ் கிளிப்தான் என்று தீர்மானித்துவிட்டேன்.

கேள்விகள் இவை. கடல் எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர், 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் தாங்குமா, இல்லை 316 வாங்கியே ஆக வேண்டுமா? எனக்கு வேலை செய்கிற தச்சர் "கிளிப் எல்லாம் பலகையைப் பிடிக்காது, மேலிருந்து இரண்டு ஸ்க்ரூ அடித்தால்தான் நிற்கும்" என்கிறார், அது உண்மையா? நாளைக்கு நடுவில் ஒரு பலகை கெட்டுப்போனால் அதை மட்டும் எடுக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.


உளிச்சத்தம் எழுதியது:

நான் தச்சு வேலைதான் செய்கிறேன். கிரேடைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. கிளிப் டப்பாவைத் திறந்து முதலில் உள்ளே இருக்கிற ஸ்க்ரூவைப் பாருங்கள், கிளிப்பை அப்புறம் பார்க்கலாம்.

நான்கு வருடம் முன்பு நானே போட்ட ஒரு டெக்கில் போன மழைக்காலத்தில் ஒரு பலகை ஆடுகிறது என்று கூப்பிட்டார்கள். போய் ஓரப் பலகையிலிருந்து கழற்றிக்கொண்டே வந்தேன். கிளிப் ஒவ்வொன்றும் போட்ட அன்று இருந்த மாதிரியே பளபளப்பாக இருந்தது. ஆனால் ஸ்க்ரூவில் பிட்டை வைத்துத் திருப்பினால் தலை மட்டும் தனியாக வந்தது, சிலவற்றை விரலாலேயே எடுத்துவிட்டேன். கழுத்துப் பக்கம் பென்சில் முனை அளவுக்கு மெலிந்து, சுற்றிலும் செங்கல் பொடி போலத் துரு. டப்பா மேல் ஸ்டெயின்லெஸ் கிளிப் என்றுதான் போட்டிருந்தது, பொய்யில்லை, கிளிப் ஸ்டெயின்லெஸ்தான். கூடவே கொடுத்திருந்த ஸ்க்ரூ துத்தநாகப் பூச்சு போட்ட சாதாரண இரும்பு. நான் பார்க்காமல் அடித்துவிட்டேன். அந்த டெக் முழுவதையும் என் கையால் பிரித்து மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால் வீரியம் கூடியது கரையும், மற்றது தப்பித்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸுக்குப் பக்கத்தில் துத்தநாகமும் இரும்பும்தான் கரைகிற கட்சி. அதிலும் கரைகிறது சின்னதாகவும் கரையாதது பெரியதாகவும் இருந்தால் வேகம் பல மடங்கு. சின்ன ஸ்க்ரூ, அகலமான கிளிப் என்பது அதற்கு நாமே ஏற்பாடு செய்து கொடுத்த மாதிரி. தலைகீழாக, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவைத் துத்தநாகம் பூசிய பெரிய கால்வனைஸ் தகட்டில் அடித்தால் சேதம் அவ்வளவு சீக்கிரம் தெரியாது, ஆனாலும் நான் கலப்பதில்லை. கிளிப் எந்த கிரேடோ ஸ்க்ரூவும் அதே கிரேடு.

சரி, 304ஆ 316ஆ என்பதற்கு வருகிறேன். இரண்டிலும் குரோமியமும் நிக்கலும் உண்டு, 304இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8. 316இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பார்கள், உப்பு ஊசி குத்தினது போலக் குழி போடுவதைத் தடுப்பது அதுதான். கடலுக்கு இத்தனை மீட்டருக்கு அப்பால் பயமில்லை என்று ஒரே கோடு கிழிக்க முடியாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நடுவில் மரம் கட்டடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்று பாருங்கள். திறந்த வெளியில் இருக்கிற கைப்பிடியில் உப்பு படிந்தால் அடுத்த மழை கழுவிவிடும். மறைவான கிளிப் இருப்பது பலகைக்கு அடியில், மழை நேராகப் பட்டுக் கழுவாத இடத்தில். உப்பும் தூசியும் அங்கே தங்கி, ராத்திரி ஈரத்தில் ஊறி, பகலில் காய்ந்து, மறுபடி ஊறும். அதனால் மேலே தெரிகிற ஸ்க்ரூவுக்கு 304 போதும் என்று சொல்லக்கூடிய இடத்தில்கூட, மறைவான கிளிப்புக்கு நான் 316தான் போடுவேன். கடல் 700 மீட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

போல்ட் தலையில் ஏ2 என்று அடித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. சின்ன மர ஸ்க்ரூவில் பெரும்பாலும் எதுவும் அடித்திருக்காது, டப்பாவில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், வெறுமனே "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காந்தம் 304ஐயும் 316ஐயும் பிரித்துக் காட்டாது, இரண்டும் ஏறக்குறைய ஒட்டாது, வளைத்து நெளித்த 304 லேசாக இழுக்கவும் செய்யும். ஆனால் காந்தம் பட்டென்று ஒட்டிக்கொண்டால் அது 410 கிரேடாகவோ சாதாரண இரும்பாகவோ இருக்கும். 410 கெட்டியானது, துளைக்க நன்றாக இருக்கும், கடற்காற்றில் நிற்காது.


பழையசட்டம் எழுதியது:

உளிச்சத்தம் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் நான் பார்த்த டெக்குகளில் துருவால் கெட்டதைவிட மரம் அசைந்ததால் கெட்டதுதான் அதிகம். எந்த உலோகம் என்பதற்கு முன்பு பலகை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். ஒரு தோராயக் கணக்கு உண்டு, ஈரம் 4 சதவீதம் குறைந்தால் அகலம் சுமார் 1 சதவீதம் குறையும். 140 மி.மீ. பலகையை 20 சதவீத ஈரத்தில் அடித்து அது 12க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. போய்விடும். பலகைக்குப் பலகை 5 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால் அது 8 ஆகிவிடும். கிளிப்பின் நாக்கு காடிக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறதோ அவ்வளவுதான் பிடி, அதிலிருந்துதான் இந்த 3 மி.மீ. கழிகிறது. தச்சர் கிளிப் பிடிக்காது என்று சொல்வதற்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒரு அனுபவம் இருக்கும். அவரைத் தப்புச் சொல்லாதீர்கள். ஈரப் பலகையில் கிளிப் போட்டால் அவர் சொல்வதுதான் நடக்கும்.

இப்பே நல்ல தேர்வு, தண்ணீரில் போட்டால் மூழ்குகிற அளவுக்குக் கனமான மரம், அதிகம் ஆட்டம் காட்டாது. ஆனால் 140 மி.மீ.க்கு மேல் அகலம் போனால் நான் கிளிப்பை நம்ப மாட்டேன், நீங்கள் எல்லையில் நிற்கிறீர்கள். தரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு உயரம்? காற்று புகுமா? கீழே ஈரம் அடைந்துகொண்டு மேலே வெயில் காய்ந்தால் பலகை கிண்ணம் மாதிரி இரண்டு ஓரமும் மேலே தூக்கும். அந்த விசைக்கு முன்னால் 316ஆவது 304ஆவது, காடியின் உதடே பிளந்துகொண்டு வந்துவிடும். எனக்கு ஒரு டெக்கில் அப்படித்தான் ஆனது, தரையிலிருந்து வெறும் 10 செ.மீ., மூன்று பக்கமும் சுவர்.


கடற்காற்று எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஈரமானி ஒன்றை இரவல் வாங்கி இன்று பார்த்தேன். பெரும்பாலான பலகைகள் 17 முதல் 19 வரை காட்டுகின்றன, அடுக்கின் நடுவில் இருந்த ஐந்தாறு மட்டும் 23. தரையிலிருந்து சட்டத்தின் அடி வரைக்கும் 35 செ.மீ. இருக்கிறது, இரண்டு பக்கம் முழுத் திறப்பு.

வாங்க நினைத்த கிளிப் டப்பாவைத் திறந்து பார்த்தேன். கிளிப்புக்கு 316 என்று எழுதியிருக்கிறார்கள், ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காந்தம் வைத்தேன், பட்டென்று ஒட்டிக்கொண்டது! உளிச்சத்தம் அண்ணே, நீங்கள் சொல்லாவிட்டால் அப்படியே அடித்திருப்பேன்.

இன்னொரு பிரச்சினை. ஒரு துண்டுப் பலகையை வைத்து நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் பழகிப் பார்த்தேன், பத்தில் மூன்று பாதியிலேயே முறிந்துவிட்டன. இப்படித்தான் இருக்குமா?


மரத்தூள் எழுதியது:

முறியும். துருப்பிடிக்காது என்பதற்காக நாம் கெட்டித்தன்மையை விட்டுக்கொடுக்கிறோம், 304உம் 316உம் கடினமாக்கிய இரும்பு ஸ்க்ரூவைவிட மெத்தென்றுதான் இருக்கும். இப்பேயில் முன்துளை போடாமல் ஸ்டெயின்லெஸை இறக்கவே முடியாது. மரையை விட்டுவிட்டு நடுத்தண்டு எவ்வளவு கனமோ அந்த அளவு பிட்டை எடுத்து, ஸ்க்ரூ போகிற ஆழம் முழுவதும் துளை போடுங்கள். டிரில்லை மெதுவான வேகத்தில் வையுங்கள், அடித்து அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் வேண்டாம். மரையில் கொஞ்சம் மெழுகு தேய்த்துக்கொண்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். ஸ்க்ரூ கிறீச்சென்று கத்த ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு அரைச்சுற்று பின்னால் எடுத்து மறுபடி இறக்குங்கள், அந்தச் சத்தம் வந்த பிறகும் அழுத்தினால்தான் கழுத்தில் அறுந்துபோகிறது. தலை நட்சத்திரப் பள்ளம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கூட்டல் குறி போட்டது நழுவி நழுவித் தலையைத் தின்றுவிடும்.

உங்களுக்கு ஒரு ஆறுதல், கிளிப் ஸ்க்ரூ இறங்குவது இப்பேக்குள் இல்லை, கீழே இருக்கிற பைன் சட்டத்துக்குள். அங்கே இவ்வளவு சண்டை இருக்காது. முதல் வரிசை, கடைசி வரிசை ஓரங்களில் மட்டும்தான் இப்பேயைத் துளைக்க வேண்டிவரும். பைனில் 30 மி.மீ.யாவது இறங்குகிற நீளமாகப் பாருங்கள்.

சுத்தம் முக்கியம். பக்கத்தில் கிரைண்டர் வைத்து இரும்பு அறுக்காதீர்கள், அந்தப் பொறி ஸ்டெயின்லெஸ் மேல் விழுந்தால் விழுந்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளி வரும், 316 கூடத் துருப்பிடிக்கிறது என்று பயந்துபோவீர்கள். துருப்பிடிப்பது அதன்மேல் ஒட்டிய இரும்புத் தூள். பழைய இரும்பு பிட்டால் திருகினாலும் தலைப் பள்ளத்தில் அதே கதை. கைப்பிடித் தூண், கம்பி வேலை எதுவும் பாக்கி இருந்தால் பலகை போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

காடி எடுப்பதைப் பற்றியும் சொல்கிறேன். பலகை ஓரத்தில் காடி வெட்டுகிற பிஸ்கட் ஜாயிண்டர் மிஷின் இருந்தால் 4 மி.மீ. காடி வரும், உங்கள் கிளிப்பின் நாக்குக்கு அது பொருந்துகிறதா என்று ஒரு துண்டில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். 21 மி.மீ. கனத்தின் நடுவில் எடுத்தால் மேலே 8.5, கீழே 8.5 மிச்சம். மேல் உதடு மெலிந்துவிடக் கூடாது, சில வருடம் கழித்து மேற்பரப்பைத் தேய்த்துப் புதுப்பிக்கும்போது இன்னும் குறையும். நீளம் முழுவதும் காடி ஓட்டுவதா, சட்டம் வருகிற இடத்தில் மட்டும் எடுப்பதா என்றால் நான் சட்டத்துக்கு நேராக மட்டும்தான் எடுப்பேன். வேலை கூடுதல்தான், ஆனால் பலகையின் ஓரம் பலமாக இருக்கும், தண்ணீர் உட்கார வாய்க்காலும் இருக்காது. இப்பே தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகமூடி இல்லாமல் வெட்டாதீர்கள்.


நிழற்குடை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் பலகை வாங்கியிருக்கிறேன். இதே விதிதான் எனக்குமா?


பழையசட்டம் எழுதியது:

பாதிதான். உங்கள் பலகை வெயிலில் நீளவாக்கில் விரியும், குளிரில் சுருங்கும், மரத்துக்கு நேர்மாறு. அதனால் கிளிப் பலகையைக் கடித்துப் பிடிக்கக் கூடாது, நழுவ விட வேண்டும், நடுவில் ஒரே இடத்தில் மட்டும் ஸ்க்ரூவால் நிலைநிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக ஊர்ந்துகொண்டே போகும். பலகை செய்பவர்கள் சொல்கிற கிளிப்பையே போடுங்கள், காடியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். சட்டத்தின் இடைவெளியும் அவர்கள் சொல்கிறபடிதான்.

கடற்காற்று, உங்கள் பலகைகளை இப்போது அடிக்காதீர்கள். நடுவில் சின்னச் சட்டங்கள் கொடுத்து, நிழலில், காற்று எல்லாப் பக்கமும் போகிற மாதிரி அடுக்கி மூன்று நான்கு வாரம் விடுங்கள். 23 காட்டியவற்றைத் தனியாக வையுங்கள், அவை கடைசியில்.


உளிச்சத்தம் எழுதியது:

ஆமாம், பொறுத்திருப்பது நல்லது. அந்த நேரத்தில் செய்ய வேறு வேலை இருக்கிறது. உங்கள் சட்டம் மருந்து ஏற்றிய பைன் என்றீர்கள், இப்போது வருகிற மருந்துகளில் பெரும்பாலும் செம்பு நிறைய இருக்கிறது. அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கும், மெல்லிய துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். அலுமினியக் கிளிப் யாராவது காட்டினால் இந்தச் சட்டத்தின் மேல் வேண்டாம். ஸ்டெயின்லெஸுக்கு அந்தப் பயம் இல்லை. சட்டத்தின் மேல்பக்கத்தில் பியூட்டில் டேப் (ரப்பர் போன்ற ஒட்டு நாடா) ஒட்டிவிடுங்கள், ஸ்க்ரூ துளை வழியாகத் தண்ணீர் இறங்குவதை அது தடுக்கும், சட்டம் உளுக்காமல் இருந்தால்தான் ஸ்க்ரூவுக்குப் பிடி.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். பலகை 6 மீட்டர் வாக்கில் ஓடுகிறது, சட்டம் 400 மி.மீ.க்கு ஒன்று என்று வைத்தால் 16 சட்டம். 4 மீட்டர் அகலத்துக்கு 140உம் 5 இடைவெளியும் சேர்த்து 28 பலகை, நடுவில் 27 இடைவெளி. 27ஐ 16ஆல் பெருக்கினால் 432 கிளிப். பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள். பலகை முழு நீளம் கிடைக்காமல் நடுவில் ஒட்டு வந்தால் அந்த இடத்தில் இரட்டைச் சட்டம் போட்டு ஒவ்வொரு முனைக்கும் தனிக் கிளிப் கொடுங்கள். ஒரே கிளிப்பில் இரண்டு முனையையும் மாட்டினால் இரண்டுமே அரைப்பிடிதான்.

முதல் பலகையின் வெளி ஓரத்துக்கும் கடைசிப் பலகையின் வெளி ஓரத்துக்கும் கிளிப் கிடையாது. அங்கே மேலிருந்து அதே 316 ஸ்க்ரூவை உள்ளே இறக்கி, அதே பலகையின் துண்டிலிருந்து மரமூடி செய்து, ரேகை ஓடுகிற திசை பார்த்துப் பசை வைத்து அடைத்துவிடுங்கள். நன்றாகச் செய்தால் மண்டியிட்டுத் தேடினாலும் கண்ணுக்குப் படாது. கடைசிப் பலகை மெலிந்த கீற்றாக வந்துவிடாதபடி முதலிலேயே அளந்து இரண்டு ஓரத்துக்கும் பங்கு போடுங்கள்.

நடுவில் ஒரு பலகையை எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாய்வாக ஸ்க்ரூ இறங்குகிற கிளிப் என்றால் முடியாது, ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் பலகையை நீளவாக்கில் அறுத்து எடுக்க வேண்டும். ஸ்க்ரூ நேர்செங்குத்தாக, இடைவெளிக்கு நடுவில் நிற்கிற வகை என்றால் மெல்லிய நீளப் பிட்டை இடைவெளிக்குள் விட்டுத் தளர்த்தலாம். அடியிலிருந்து பூட்டுகிற வகையும் உண்டு, கழற்ற அதுதான் சுலபம், ஆனால் 35 செ.மீ.யில் ஆள் படுத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. உங்களுக்கு நேர்செங்குத்து வகைதான்.


கடற்காற்று எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். நேர்செங்குத்து வகை 316 கிளிப், ஸ்க்ரூ தனியாக 316 என்று எழுத்தில் உள்ளது, 475 வீதம். பலகைகளை இன்று மாலை நானும் தச்சரும் அடுக்கிவிட்டோம், அவரிடம் ஈரக் கணக்கைச் சொன்னதும் "அப்படியானால் நான் பார்த்ததெல்லாம் ஈரப் பலகைதான்" என்றார், இப்போது அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கிளிப் கறுப்பு வண்ணம் பூசியதாகவும் கிடைக்கிறது, இடைவெளியில் மினுங்காது என்கிறார்கள். அதனால் ஏதாவது கெடுதல் உண்டா?


மரத்தூள் எழுதியது:

கறுப்பு நல்லதுதான், சாயங்கால வெயிலில் பூச்சில்லாத கிளிப் இடைவெளிக்குள் கண்ணைக் குத்தும். ஆனால் வண்ணத்துக்கு அடியில் என்ன உலோகம் என்று பாருங்கள், சாதாரண இரும்பைக் கறுப்பு பூசியும் விற்கிறார்கள். டப்பாவில் கறுப்புப் பூச்சுள்ள 316 என்று கிரேடோடு இருக்க வேண்டும். ஒன்றை எடுத்து ஓரத்தில் கத்தியால் சுரண்டி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி, பலகை காய்கிற அந்த மூன்று வாரமும் வெளியே போட்டு வையுங்கள். துணி காய்ந்தால் மறுபடி நனையுங்கள். சுரண்டிய இடத்தில் செம்பழுப்பு வந்தால் மொத்த டப்பாவையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.